ஒரே மகள்தானே என்று பி.எஃப்.-இல் கை வைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கர். வயது 40, சம்பளம் 62,000. ஒரே மகள், ஆறு வயது. பி.எஃப்.-இல் 4 லட்சம் இருக்கிறது. அதை எடுத்து அவளைப் பெரிய பள்ளியில் சேர்த்து, மைத்துனர் சொல்லும் குழந்தைகள் பாலிசியும் போடலாமா? ஒற்றைப் பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறோம் என்கிறார் மனைவி.

பதில்: நீங்கள் அனுப்பிய பாஸ்புக்கைப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள். இரண்டிலும் காரணம் 68ஜெ என்ற பிரிவு, அதாவது மருத்துவச் செலவு. கடிதத்தைப் படித்தால் ஒன்று காதுகுத்து, இன்னொன்று ஏசி. மூன்றாவது முறை வேண்டாம்.

உங்கள் பெற்றோருக்கு மாதம் 18,000 ஆகிறது, மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 6,000 போடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்குப் பங்கு போட யார் இருக்கிறார்கள்? விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், நீங்கள் ஓய்வு பெறும்போது அதே 18,000 ஏறக்குறைய 50,000 ஆகிவிடும். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால்தான் மக்கள்தொகை குறையாமல் நிற்கும். தமிழ்நாட்டில் 2020-லேயே அது 1.4. அவளுக்கு வரப்போகிற மாப்பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையாக இருந்தால், அந்த இரண்டு சம்பளத்தை நம்பி நான்கு பெரியவர்கள்.

பி.எஃப்.-உடன் பென்ஷன் வருமே என்பீர்கள். உங்கள் சம்பளம் 62,000 ஆனாலும் அதை 15,000 சம்பளத்துக்குத்தான் கணக்கிடுகிறார்கள். முழு சர்வீஸ் போட்டாலும் மாதம் 7,500 பக்கம்தான் வரும். அந்த 4 லட்சத்தைத் தொடாமல் விட்டால், 8 சதவீத வட்டியில் 9 வருடத்தில் 8 லட்சம், 58 வயதில் 16 லட்சம். காதுகுத்துக்கு எடுத்ததற்கும் இதே கணக்குதான். அதை நினைத்து இப்போது வருந்திப் பயனில்லை, விடுங்கள்.

பள்ளிக் கட்டணம் மாதச் சம்பளத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். பாலிசிக்கு வருடம் 60,000 கட்டச் சொல்கிறார் மைத்துனர். படம் போட்ட அந்த நோட்டீஸில் எவ்வளவு பெரிய தொகை அச்சடித்திருந்தாலும், இந்த வகையில் பெரும்பாலும் 5-6 சதவீதம்தான் தேறும். சம்பாதிப்பவர் நீங்கள், காப்பீடு உங்கள் பெயரில் வேண்டும். ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி கேளுங்கள், மைத்துனரிடமே எடுங்கள். கமிஷன் குறையும், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பரவாயில்லை.