சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் உள்ள தொங்குபாலத்துக்கு நான்கு வயதுப் பிள்ளையோடும், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடும் போகலாமா?

தள்ளுவண்டி என்றால் மெக்ரிட்சி வேண்டாம். பாலம் வெறும் 250 மீட்டர்தான், ஆனால் நீர்த்தேக்கப் பக்கமிருந்து நடந்தால் போய்வர 7 கிலோமீட்டருக்கு மேல். பாலம் ஒருவழி. பிள்ளை நடுவில் அழுதாலும் திரும்ப முடியாது, தாண்டினால் படிகள் வேறு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தூக்கம் வந்த பெரியவனையும் இழுத்துக்கொண்டு ஏறுவது பெரும்பாடு.

அதற்குப் பதிலாக ஹார்ட்பார்க் (HortPark) பூங்காவில் தொடங்குங்கள். அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலத்தைக் கடந்தால் ஃபாரஸ்ட் வாக். மரங்களின் உயரத்திலேயே போகும் இரும்பு நடைபாதை, படியில்லாமல் சரிவாகவே ஏறும், தள்ளுவண்டி தாராளமாகப் போகும். ஒன்று மட்டும்: தரை கம்பி வலை மாதிரி இருப்பதால் கீழே காடு தெரியும். சில பிள்ளைகள் முதலில் பயப்படுவார்கள், கையைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். செருப்பைவிட ஷூ நல்லது. குரங்குகள் வரும், தின்பண்டத்தைப் பையில் மூடியே வையுங்கள், பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம்.

காலை எட்டரைக்குள் கிளம்பிவிடுங்கள். பத்துக்கு மேல் வெயில் சின்னவர்களுக்குத் தாங்காது. மழை வருகிற மாதிரி இருந்தால், இடிக்குக் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடுங்கள்.