பங்கிலிருந்து கொள்ளைக்கு

கேள்வி: அமெரிக்க செனட்டில் ஒரு மசோதாவை நிறைவேற விடாமல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பதை ‘ஃபிலிபஸ்டர்’ என்கிறார்கள். இது கொள்ளையரைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது உண்மையா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். மூலச்சொல் ‘வ்ரெய்பைட்டர்’. ‘வ்ரெய்’ என்றால் கட்டற்ற. ‘பைட்’ என்றால் கொள்ளைப்பொருள். ஈற்றில் இருப்பது அத்தொழிலைச் செய்பவனைக் காட்டும் விகுதி. கொள்ளையடித்ததைக் கொண்டே பிழைத்தவனை இச்சொல் குறித்தது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ‘பைட்’தான். டச்சுக்கு இச்சொல்லைத் தந்த, வட ஜெர்மனியில் வழங்கிய பழைய பேச்சில் அதற்குப் பண்டமாற்று, பங்கீடு என்ற பொருள்களும் இருந்தன. போரில் கிடைத்ததைப் பங்கு பிரிப்பதைச் சொன்ன சொல், பிரிக்கப்பட்ட பொருளையே சொல்லத் தொடங்கியது. இதற்கு உறவான சுவீடியச் சொல் இன்றும் பரிமாற்றம், கொள்ளைப்பொருள் ஆகிய இரண்டையும் குறிக்கிறது. குற்றத்தின் வாடையே இல்லாத ‘பங்கு’ என்ற கருத்தில் தொடங்கிய சொல்லோடு ‘கட்டற்ற’ என்பது சேர்ந்தபோதுதான் கொள்ளைக்காரன் பிறந்தான்.

அரசின் அனுமதிக் கடிதத்தோடு எதிரிக் கப்பல்களைப் பிடித்தவனுக்கு டச்சில் ‘காப்பர்’ என்று தனிப்பெயர் உண்டு. ஆனால் நடைமுறையில் இருவருக்கும் நடுவே இருந்த கோடு அடிக்கடி அழிந்தது. 1572 ஏப்ரல் 1 அன்று டென் பிரீல் நகரைக் கைப்பற்றிய ‘கடற்பிச்சைக்காரர்கள்’ என்ற கிளர்ச்சிப் படையினரிடம் ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்த டச்சுக் கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் தந்த அனுமதிக் கடிதங்கள் இருந்தன. ஸ்பெயினின் பார்வையில் அவர்கள் வெறும் கொள்ளையர்.

ஏறக்குறைய அக்காலத்தில்தான் ஆங்கிலம் இச்சொல்லை ‘ஃப்ரீபூட்டர்’ என்று எடுத்துக்கொண்டது. முதற்பாதியை மொழிபெயர்த்து, பிற்பாதியின் ஓசையை மட்டும் தன் வாய்க்கேற்ப மாற்றிக்கொண்டது. காலில் அணியும் பூட்ஸுக்கும் அந்தப் ‘பூட்’டுக்கும் தொடர்பில்லை. பிரெஞ்சில் ‘ஃப்ளிபுஸ்தியே’ ஆகிக் கரீபியக் கடற்கொள்ளையரைக் குறித்து, ஸ்பானியத்தில் ‘ஃபிலிபுஸ்தேரோ’ ஆன சொல், 1850களில் அரசின் ஆணையின்றி அயல்நாடுகள்மீது படையெடுத்த அமெரிக்கர்களுக்குப் பெயரானது. அவர்களில் ஒருவரான வில்லியம் வாக்கர் 1856இல் நிகரகுவாவின் அதிபராகவே அமர்ந்தார். 1860இல் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த 1850களிலேயே, விதிகளைப் பயன்படுத்தி அவையை முடக்கியவர்களையும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இப்பெயரால் ஏசத் தொடங்கினர்.

நெதர்லாந்தில் இன்று ஒருவரை ‘வ்ரெய்பைட்டர்’ என்றால், எவருக்கும் கட்டுப்படாமல் தன் விருப்பப்படி வாழ்பவர் என்றே பெரும்பாலும் பொருள்.