நாத்தனார் கொடுத்த புகாரும் குழந்தைகள் நீதிமன்றமும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறோம். எங்கள் பத்து மாத மகனின் இடுப்புக்குக் கீழே நீலத் திட்டுகள் இருப்பதைப் பார்த்த கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்) ஆசிரியை, குழந்தையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று சமூக நலத் துறைக்குத் தெரிவித்துவிட்டார். மாமனார் விட்டுச்சென்ற வீட்டைப் பங்கிடுவதில் எங்களோடு மனத்தாங்கல் கொண்டிருக்கும் என் நாத்தனாரோ, என் கணவர் பிள்ளைகளைத் தினமும் வதைக்கிறார் என்று போலீஸ் நிலையத்தில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு வயது மகளை என் கணவர் ஒரு முறை காலில் அடித்தது உண்மை, மற்றதெல்லாம் பொய். அடுத்த வாரம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகளைக் கூட்டிச் சென்றுவிடுவார்களா? பொய் சொன்னவர்கள் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மீது வந்திருப்பவை இரண்டு புகார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கோபப்பட்டால் உங்களுக்குத்தான் இழப்பு. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 110ஆம் பிரிவில், ஆசிரியர், மருத்துவர், தாதி, கிரெஷ் ஊழியர் போன்றோர் நியாயமான காரணத்தோடு குழந்தை துன்புறுத்தப்பட்டதாக முடிவுக்கு வந்தால், படிவம் 22இல் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. அந்த ஆசிரியை பேசாமல் இருந்திருந்தால் சட்டத்தை மீறியவர் ஆகியிருப்பார். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது, தகவல் பின்னர் தவறென்று தெரிந்தாலும், நஷ்டஈடு கேட்க முடியாது. ஆகவே அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நாளை உங்கள் வழக்கில் அவரே உங்களுக்குச் சாதகமான சாட்சியாகவும் ஆகலாம்.

அந்த நீலத் திட்டுகள் பிறவியிலேயே வந்தவையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் இனத்துக் குழந்தைகளிடமும் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடமும் முதுகின் அடிப்பகுதியிலும் பிட்டத்திலும் சாம்பல் கலந்த நீல நிறத்தில், தோலோடு தோலாகத் தட்டையாக, தொட்டால் வலியில்லாமல் இருக்கும் இவை, வளர வளரத் தாமாகவே மங்கிவிடும். அடிபட்ட கன்றல் சில நாட்களில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஓரிரு வாரங்களில் மறைந்துவிடும். பிறவித் திட்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். எனவே சமூகப் பணியாளர் வருவதற்கு முன்பே பிள்ளையை கிளினிக்குக்கோ குழந்தை மருத்துவரிடமோ கொண்டுசென்று, இது எத்தகைய அடையாளம் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறந்தது முதல் கிளினிக்கில் எழுதிவரும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தாதி அந்தத் திட்டைக் குறித்துவைத்திருந்தால் அந்த ஒரு வரி பத்து சாட்சிகளுக்குச் சமம். பிறந்த சில வாரங்களில் குளிப்பாட்டும்போது எடுத்த படம் கைபேசியில் இருந்தாலும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிச் சென்றுவிடுவார்களா என்பதே உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி என்பது கடிதத்திலேயே தெரிகிறது. நீதிமன்ற ஆணை இல்லாமல் பிள்ளையை எடுக்க சமூகப் பணியாளருக்கும் போலீசுக்கும் 152ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் குழந்தைக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும். ஆணை வாங்கும் தாமதமே அதன் பாதுகாப்பைக் கெடுக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். வீட்டிலிருந்து அகற்றுவதுதான் சிறந்த வழியாகவும் இருக்க வேண்டும். ஒரு வாரம் முன்னதாகவே தேதி சொல்லிவிட்டு வருகிற வருகை, அத்தகைய அவசரம் இருப்பதாக அவர்கள் கருதவில்லை என்பதையே காட்டுகிறது. இந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் சமூகப் பணியாளர் தொழில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஒருவேளை எடுத்தே சென்றுவிட்டாலும், அது முடிந்த கதை ஆகிவிடாது. 2010இல் பிரிட்டோரியாவில், தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு தகப்பனின் பிள்ளைகளை அதிகாரிகள் கூட்டிச் சென்றுவிட்டார்கள். அந்த வழக்கில் 2012 ஜனவரியில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இப்படி அகற்றப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் விஷயமும் அடுத்த நீதிமன்ற வேலை நாள் முடிவதற்குள், யாரும் கேட்காமலேயே குழந்தைகள் நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு வர வேண்டும் என்றும், இயன்றவரை பெற்றோரும் அங்கே இருக்க வேண்டும் என்றும் கூறியது. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றிவிட்டது. அந்த மறுநாள் விசாரணைதான் உங்கள் பலம். ஒவ்வொரு மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் குழந்தைகள் நீதிமன்றமாகச் செயல்படுவதால் நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. உங்கள் விருப்பப்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை 54ஆம் பிரிவில் இருக்கிறது. வசதி இல்லையென்றால் லீகல் எய்ட் அலுவலகத்தையோ குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தையோ இப்போதே அணுகுங்கள். விசாரணை முடியும்வரை பிள்ளைகள் ஆயா, தாத்தா வீட்டில் இருக்கட்டும் என்று கேட்பதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

இனி, நீங்கள் ஒரு வரியில் கடந்துசென்ற விஷயத்துக்கு வருகிறேன். மகளைக் காலில் அடித்தது ஒரே முறைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைக் கண்டிப்பதற்காக மிதமாக அடிக்கலாம் என்று நம் பெரியவர்கள் நம்பிவந்த சட்டத் தற்காப்பு இந்த நாட்டில் இப்போது இல்லை. 2019 செப்டம்பர் 18 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஆகவே "பெற்ற பிள்ளையை அடிக்க எனக்கு உரிமை இல்லையா" என்று உங்கள் கணவர் சமூகப் பணியாளரிடம் கேட்டால், நாத்தனாரின் பொய்க்கு அவரே உயிர் கொடுத்தது போலாகும். அடிக்கவே இல்லை என்று மறுத்து, மகள் உண்மையைச் சொல்லிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அவர் முதலில் வழக்கறிஞரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். போலீஸ் கூப்பிட்டால், குற்றம் சாட்டப்படுபவருக்கு அரசமைப்பின் 35ஆம் பிரிவு தரும் மௌன உரிமையும் வழக்கறிஞர் உரிமையும் அவருக்கு உண்டு; தனியாகப் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டாம். சமூகப் பணியாளரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள். அவர் பெயரையும் கோப்பு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, மரியாதையாக வரவேற்று, பிள்ளைகள் தூங்கும் இடத்தைக் காட்டுங்கள். புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். மகளிடம் "இப்படிச் சொல்லு" என்று தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒப்பித்தால் அனுபவமுள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், பிள்ளையின் மனதுக்கும் அது பெரும் பாரம்.

நாத்தனார் விஷயம் வேறு. சட்டம் காப்பது நல்லெண்ணத்தோடு சொன்னவரை மட்டுமே. பொய் என்று தெரிந்தே சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுப்பது குற்றம். அவதூறுக்காக நஷ்டஈட்டு வழக்கும் தொடுக்கலாம், அதற்கு மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. வீட்டுத் தகராறு தொடர்பான கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள், ஏனென்றால் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஆனால் பிள்ளைகள் பற்றிய விசாரணை முடியும் முன் நாத்தனார் மீது வழக்குப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நீதிபதியின் கண்ணில் அது சொத்துச் சண்டையின் இன்னொரு சுற்றாகத் தெரிந்துவிடும். வெறும் புகாரால் உங்கள் கணவரின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அதாவது குழந்தைகளோடு பணியாற்றத் தகுதியற்றவர்களின் பட்டியலில், ஏறிவிடாது. அதற்கு நீதிமன்றமோ உரிய விசாரணை மன்றமோ அவர் தகுதியற்றவர் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட அதைப் பற்றி எழுதாதீர்கள். குழந்தைகள் நீதிமன்ற நடவடிக்கையில் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவதை 74ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை பெற்றோருக்கும் பொருந்தும்.