புயல் காரைக்குடிவரை வருமா? கேள்வி பதில்

கண்மாய் பராமரிப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், ஐப்பசி பிறந்தாலே என்னிடம் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி: கடல் எங்கேயோ கிடக்கிறது. நாம் ஏன் புயலுக்குப் பயப்படணும் தம்பி?

காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கடல் 45 கிலோமீட்டர் அளவில்தான் ஆச்சி. உங்கள் ஊருக்கு இன்னும் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம். ஆனால் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகத் திண்டுக்கல்வரை போனது. புதுக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் தென்னை சாய்ந்து, கம்பம் முறிந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டர் ஏற்றி வந்து ஊர்த் தொட்டியை நிரப்பினார்கள். குடத்தோடு நின்ற அந்த வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் எச்சரிக்கை வந்தவுடன் மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டியைக் காற்று தூக்கிவிடும். நிறைந்த தொட்டி நகராது, குடிக்கவும் ஆகும். காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் அமைதியாக இருக்கும். வடக்கிலிருந்து அடித்த காற்று கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திரும்பி வரும்.

தொண்டி மீனவர் ஒருவர்: 1964 மாதிரி கடல் ஊருக்குள் வருமா அண்ணே?

வரலாம் தம்பி. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். காற்று தள்ளும் தண்ணீர் கீழே போக இடமின்றிக் கரையில் ஏறும். தனுஷ்கோடியையும் அன்றிரவு போன ரயிலையும் கொண்டுபோனது அந்த நீர்தான். பாம்பனில் 8, 9, 10 ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்காதீர்கள்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: சுனாமி வருமா?

2004ல் இலங்கை மறைத்ததால் பாக் விரிகுடாக் கரை பெருமளவு தப்பியது. காரைக்குடி கடல் மட்டத்துக்குச் சுமார் 80 மீட்டர் மேலே இருக்கிறது. காரைக்குடிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்: பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் சலதாரையைத்தான். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் விழுகிறது. சருகு அடைத்தால் தண்ணீர் வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதிக்குள்) ஏறிவிடும். அப்புறம், விலகிய ஓட்டைச் சரி செய்யுங்கள். பர்மாத் தேக்கானாலும் வருடக்கணக்கில் நனைந்தால் உளுத்துப்போகும்.

கல்லல் விவசாயி: கண்மாய் நிறைந்துவிட்டது. கலுங்கில் (உபரித் தண்ணீர் வழிந்து போகும் இடத்தில்) மணல் மூட்டை போட்டு இன்னும் கொஞ்சம் தேக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கலுங்கின் உயரம் சும்மா வைத்ததல்ல, கரை எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்தது. கலுங்கை அடைத்த பிறகு ஒரு ராத்திரி கனமழை பெய்தால் தண்ணீர் கரைமேல் வழியும். மண்கரை வழிய ஆரம்பித்தால் நிற்காது. மழை நாளில் கரையின் வெளிச்சரிவில் நடந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குப் போன் போடுவதற்கு முன்பே, கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை எழுப்புங்கள்.