102 டிகிரியிலேயே ஏன் வலிப்பு வந்தது?

கே: ஒன்றரை வயது மகனுக்கு 102 டிகிரி காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. அவன் அக்காவுக்கு 104 வரை போயும் ஒன்றும் ஆனதில்லை. என் கணவருக்கும் சிறு வயதில் இப்படி வந்திருக்கிறதாம். பரம்பரைதானா? பாராசிட்டமால் கொடுத்தும் ஏன் வந்தது?

ப: பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. உங்கள் மகனின் வயதையொட்டித்தான் அதிகம். மூளை எவ்வளவு சூடு தாங்கும் என்பது ஒரே வீட்டில்கூடப் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது. பல சின்ன மாற்றங்கள் சேர்ந்து அந்த வரம்பைக் கீழே இறக்கிவிடுகின்றன.

இனி மருந்து விஷயம். கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கின்றன. அது புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைக் கூட்டி, மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸ் வழியாகச் சூட்டை ஏற்றுகிறது. அதோடு நிற்காமல் நரம்பணுக்களையும் நேரடியாகக் கிளறுகிறது: மூளையைத் தூண்டிவிடும் ரசாயனமான குளூட்டமேட்டின் கை ஓங்கும், அடக்கிவைக்கும் ரசாயனமான காபாவின் பிடி தளரும். பாராசிட்டமால் குறைப்பது புரோஸ்டாகிளாண்டினை மட்டும்தான். சூடு இறங்கும், பிள்ளை கொஞ்சம் தெம்பாக இருப்பான். வலிப்பைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். பல நேரம் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியவரும். நீங்கள் கொடுக்கத் தாமதித்ததால் வந்ததல்ல இது.

அளவு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பத்து கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மில்லி, 120 மி.கி. சிரப் என்றால் 6 மில்லி. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது, மில்லிக்கே 100 மி.கி. கூட இருக்கும். சிரப் அளவில் அதை ஊற்றினால் ஆபத்து.

கே: வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே எழுதித் தந்திருக்கிறார்கள். எப்போது அடிப்பது?

ப: வலிப்பு தொடங்கியதும் மணி பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். 5 நிமிடமாகியும் நிற்காவிட்டால்தான் ஸ்ப்ரே.

வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி.; பத்து கிலோவுக்கு 2 மி.கி. ஓர் அழுத்தத்துக்கு 0.5 மி.கி. வரும் புட்டியில் நான்கு அழுத்தம், நாசிக்கு இரண்டாக. தவறு நடப்பது இங்கேதான்: 1.25 மி.கி. வரும் புட்டியும் விற்கிறது. அதில் பழக்கதோஷத்தில் நான்கு அடித்தால் 5 மி.கி. போய்விடும், மூச்சு மந்தமாகலாம். உங்கள் பிள்ளைக்கு எத்தனை அழுத்தம் என்று மருத்துவரிடம் கேட்டுப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். எடை கூடும்போது மாற்றி எழுதுங்கள். புதுப் புட்டியை முதலில் காற்றில் அழுத்திச் சாரல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே அடித்த கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கே: மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

ப: உடம்பு முழுதும் வெட்டி, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மறுபடி வராத வலிப்புக்குத் தேவையில்லை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் வீண் செலவு. ஒரு வயதுக்குள்ளேயே, லேசான சூட்டுக்கோ வெந்நீர்க் குளியலுக்கோகூட, ஒருபக்கமாக நெடுநேரம் திரும்பத் திரும்ப வெட்டினால் கதை வேறு. டிராவே என்ற கடுமையான மரபணு வலிப்பு நோயாக இருக்கலாம். பெரும்பாலோரிடம் எஸ்சிஎன்1ஏ மரபணு பழுதாகியிருக்கும். நரம்பணுவுக்குள் சோடியத்தை விடும் ‘சோடியம் வாயில்’ என்ற புரதத்தை உருவாக்குவது இந்த மரபணுதான். அந்த வாயில், மூளையை அடக்கிவைக்கும் நரம்பணுக்களில்தான் முக்கியமாக வேலை செய்கிறது. ஆகவே சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்துகளைத் தினசரி கொடுத்தால் அந்த அடக்கும் பிடி மேலும் தளர்ந்து வலிப்பு கூடும். இங்கே பரிசோதனை முடிவு மருந்துச் சீட்டையே மாற்றிவிடும்.

கே: வலிப்பு நின்றுவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

ப: முதல் முறை என்றால் கூடாது, அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, ஒரு மணி நேரமாகியும் தெளியாத மயக்கம்: இவை மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். எத்தனையாவது முறை என்று எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.