சஸ்டெய்னைக் கூட்டியும் சத்தம் நீளவில்லையே!

கேள்வி: பழைய அனலாக் சிந்தசைசர் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கட்டை வாத்தியம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நான்கு குமிழ்கள். சஸ்டெய்னை முழுக்கத் திருகி வைத்தாலும் விரலை எடுத்ததும் ஒலி டக்கென்று நின்றுவிடுகிறது. கோளாறா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கோளாறே இல்லை, நீங்கள் திருக வேண்டியது ரிலீஸை. நான்கில் மூன்று குமிழ்கள் நேரத்துக்கானவை, சஸ்டெய்ன் மட்டும் அளவுக்கானது. கட்டையை அழுத்தியதும் ஒலி உச்சிக்கு ஏறும் நேரம் அட்டாக், அங்கிருந்து இறங்கும் நேரம் டிகே, இறங்கி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது சஸ்டெய்ன், விரலை எடுத்தபின் அடங்கும் நேரம் ரிலீஸ். சஸ்டெய்னை முழுக்க வைத்துவிட்டால் இறங்கவே இடமில்லை, டிகேக்கும் வேலை போய்விடும்.

இந்தக் குழப்பம் ஆரம்பத்தில் இல்லை. 1964இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் தன் சிந்தசைசரின் முதல் மாதிரியைச் செய்தபோது, ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தொடங்கிவைக்க வீட்டு வாசலில் இருக்கும் அழைப்புமணிப் பொத்தானைத்தான் பயன்படுத்தினார்கள். அடுத்த வருடம் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தின் இசையமைப்பாளர் விளாடிமிர் உஸ்ஸசெவ்ஸ்கி இந்த நான்கு கட்டங்களையும் கேட்டுச் செய்யச் சொன்னார். ராபர்ட் மூக் அப்படிச் செய்த 911 என்ற பலகையில் நேரங்களுக்கு டி1, டி2, டி3 என்றும் சஸ்டெய்னுக்கு மட்டும் ஈ-சஸ் என்றும் போட்டிருக்கும், ஈ என்றால் வோல்ட்டேஜ். பார்த்தவுடனே வித்தியாசம் புரிந்துவிடும், எனக்கு இன்றும் அந்தப் பெயர்கள்தான் சரி என்று படுகிறது.

சரி, இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். அட்டாக், சஸ்டெய்ன் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, டிகேயை அரை விநாடி போல வையுங்கள்: தந்தியை மீட்டியது போல ஒலிக்கும். அப்புறம் வேறெதையும் தொடாமல் சஸ்டெய்னை ஏற்றி, அட்டாக்கையும் அரை விநாடிக்குக் கொண்டுபோங்கள், அதே அலைதான், ஆனால் வில் போட்டு இழுக்கிற மாதிரி மெல்ல எழும்பி வரும். ஒலியின் முதல் நொடித்துளியை வைத்துத்தான் நம் காது பெரும்பாலும் வாத்தியத்தை அடையாளம் காண்கிறது. 1948இல் பாரிஸில், ஒலிப்பதிவுகளைக் கொண்டே இசை அமைத்த பியர் ஷெஃபர், தான் பதிவு செய்த மணியோசையின் தொடக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கேட்டபோது, அது மணியாகவே இல்லை.

ரிலீஸைச் சுத்தமாகப் பூஜ்யத்தில் விடாதீர்கள், அலை பாதியில் வெட்டுப்பட்டு ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பத்து மில்லி விநாடி கொடுத்தாலே பெரும்பாலும் போய்விடும்.