காலையில் கடகட, மேட்டில் டக்டக்: டீசல் என்ஜினை இறக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கிவிடுகிறது. ஒரு மாதமாக, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் டக் டக் என்று தனியாக ஓர் அடி கேட்கிறது. பிக்கப் குறையவில்லை, ஆயில் லைட்டும் எரியவில்லை. மெக்கானிக் ‘ராடு பேரிங் போயிருக்கும், என்ஜினை இறக்கிடலாம்’ என்கிறார். இறக்கலாமா? (தென்காசி வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு, அதாவது என்ஜினின் சுழலும் அச்சோடு, இணைக்கும் ராடின் அடியில் இருப்பதுதான் ராடு பேரிங்.) ஆனால் அதை உறுதிசெய்யும் சோதனைகள் எதற்கும் என்ஜினை இறக்கத் தேவையில்லை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டு சத்தங்களைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே காரணம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த வகையில் நல்ல தகவல் தந்திருக்கிறீர்கள்.

முதலில் காலைச் சத்தம். டீசல் என்ஜின் குளிரில் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசுவது இயல்பு. அழுத்தத்தால் சூடான காற்றுக்குள் டீசல் பீய்ச்சப்பட்டுப் பற்றிக்கொள்கிறது. காற்று குளிர்ந்திருந்தால் பற்றுவதற்குச் சற்றுத் தாமதமாகும், அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே நேரத்தில் எரியும், அதனால் அடி பலமாகக் கேட்கும். அந்தச் சத்தம் என்ஜின் சூடாகச் சூடாகச் சில நிமிடங்களில் மெதுவாகத் தணியும். உங்களுடையது மூன்றே விநாடியில் சட்டென்று நிற்கிறது. மூன்று விநாடியில் என்ஜின் சூடாகாது. அந்த நேரத்தில் நடப்பது ஒன்றுதான்: ஆயில் பிரஷர் ஏறுகிறது. ஆக, ஆயில் வந்து சேரும்வரை தளர்ந்து கிடக்கும் ஏதோ ஒரு பாகம்தான் அந்தக் கடகடவுக்குக் காரணம்.

உங்கள் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் என்ஜின். மாருதி அதை டிடிஐஎஸ் என்ற பெயரில் பல கார்களில் வைத்து விற்றது. இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். கிராங்க் ஷாஃப்டையும் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது அது. அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. செயின் நீண்டிருந்தாலோ, டென்ஷனர் தேய்ந்திருந்தாலோ, இரவு முழுக்க நின்றபின் முதல் சில விநாடி செயின் ஆடி அடிக்கும். அடுத்த சந்தேகம் டப்பட். வால்வுக்கும் கேமுக்கும் இடையிலான இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும் பாகம் அது. இந்த என்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் டப்பட், ஆயில் பிரஷரில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். பழைய என்ஜின்களைப் போல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ‘டப்பட் செட்டிங்’ செய்ய இதில் இடமே இல்லை. அப்படிச் செய்ததாக யாராவது பில் போட்டால், எதைச் செட் செய்தார்கள் என்று கேளுங்கள்.

செயினா டப்பட்டா என்று பிரிக்க, நீண்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். முனையை, ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளி பெல்ட் இருக்கும் பக்கத்தில், செயினை மூடியிருக்கும் டைமிங் கவரில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மறுநாள் காலை மேலே வால்வு கவரில் வைத்துக் கேளுங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கேதான். ஓடும் பெல்ட்டில் சட்டையோ துண்டோ மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஸ்கேனர் போட்டுப் பார்க்கட்டும். பி0016 என்ற கோளாறு எண் வந்தால் கேம் ஷாஃப்டும் கிராங்க் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள், செயின்மீது சந்தேகம் வலுக்கும். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும் அபாயம் உண்டு. ஆகவே இது தெளிவாகும்வரை பேட்டரி இறங்கிவிட்டது என்று யாரையும் தள்ளச் சொல்லி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டி இழுத்திருந்தாலோ, கையேட்டில் சொன்ன கிரேடை விட்டுக் கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தாலோ, முதலில் சரியான ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டுவிட்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். மட்டமான ஃபில்டரில் ஆயில் இரவோடு இரவாகக் கீழே வடிந்துவிடும், காலையில் பிரஷர் ஏறத் தாமதமாகும். இந்த வேலையிலேயே சத்தம் அடங்கிய கார்கள் நிறைய.

ஆயில் மாற்றும்போது ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரின் காகித மடிப்பை வெட்டி விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுங்கும் துகள்கள் இருந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு: செயின், பல்சக்கரம், கேம் பக்கம் தேய்மானம். ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மினுங்கினால் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிளாஸ்டிக் சில்லு கிடந்தால் செயின் ஓடும் கைடு உடைந்திருக்கிறது. ராடு பேரிங் போய்விட்டதாகச் சொல்கிறவர் இந்தச் சோதனைக்குத் தயங்கக் கூடாது.

இனி மேட்டுச் சத்தம். லோடு ஏறும்போது மட்டும் வரும் ஒற்றை அடிக்கு இருவர்தான் முக்கியச் சந்தேக நபர்கள்: சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், ராடு பேரிங். உங்களுடையதுபோன்ற காமன்ரெயில் என்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசல் ஒரே பொதுக் குழாயிலிருந்து போகும் வகை) முதலில் துளி டீசலை முன்னோட்டமாகப் பீய்ச்சி, பிறகுதான் மீதியைப் பீய்ச்சுகிறார்கள். எரிதல் மிருதுவாக இருக்க அதுதான் வழி. ஒரு இன்ஜெக்டரின் நாசில் (முனை) ஒழுகினாலோ தேய்ந்தாலோ அந்தக் கணக்கு தவறும், அந்தச் சிலிண்டர் மட்டும் ஓங்கி அடிக்கும்.

ஒரே சிலிண்டரில் நடக்கும் எரிதல் சத்தம், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் வரும். வால்வு, கேம் சத்தங்களும் அப்படியே. கிராங்க், ராடு பேரிங் போன்ற அடிப்பாகத்துச் சத்தம் சுற்றுக்கு ஒன்று என்று வர வாய்ப்புண்டு. ஐடிலில் 850 ஆர்பிஎம் என்றால் முதல் வகை விநாடிக்கு ஏழு, இரண்டாவது பதினான்கு. காதால் எண்ண முடியாது, செல்போனால் முடியும். நின்ற இடத்தில் அந்த அடி கேட்டால் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பதிவு செய்து, அந்தப் பதிவை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பத்து விநாடிக்கு எண்ணுங்கள். 18 பக்கம் வந்தால் மேலே, 35 பக்கம் வந்தால் கீழே. தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் மெக்கானிக்கிடம் பேசக் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

அடுத்து, ஸ்கேனர் வழியாக ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பார்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது அடி போகிறதோ அதில்தான் கோளாறு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இன்ஜெக்டர் கெட்டிருந்தாலும் சத்தம் போகும், அதே சிலிண்டரின் ராடு பேரிங் கெட்டிருந்தாலும் லோடு இறங்குவதால் சத்தம் குறையும். பிரித்தறிய, நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களிலும் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்) சின்னப் பாட்டில் மாட்டி ஐடிலில் ஓடவிடுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. நான்கும் சமமாக இருந்தாலும் நாசில் ஒழுகலாம் என்பதால், சந்தேகப்படும் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போடுவது நல்லது. இன்ஜெக்டரின் அடியைச் சுற்றித் தார்போலக் கறுப்பாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் செம்பு வாஷர் கசிகிறது, ‘சஃப் சஃப்’ என்று காற்றடிக்கும் சத்தம் அதனால்தான்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள்: என்ஜின் ஓடும்போது டீசல் பைப் நட்டைத் தளர்த்துவது. பழைய டீசல் வண்டிகளில் அப்படித்தான் மிஸ்ஸிங் (எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று) பார்ப்பார்கள். காமன்ரெயிலில் பிரஷர் ஆயிரம் பாருக்கு (பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தின் அளவு) மேல் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ராடு பேரிங்கின் குணம் வேறு. கனமான, கீழிருந்து வரும் அடி. என்ஜின் நன்றாகச் சூடாகி ஆயில் இளகியபின் அதிகமாகும். மிதித்துவிட்டு விடும்போதும் தலைகாட்டும். ஆயில் லைட் எரியவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பிரஷர் மிக மோசமாக விழுந்த பிறகுதான் அது எரியும். ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, என்ஜின் சூடாக இருக்கும்போது பாருங்கள். 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் உள்ள பொதுக்கணக்கு. அதைவிட மிகக் குறைந்து, ஃபில்டரிலும் மினுக்கம் தெரிந்தால் மெக்கானிக் சொன்னதே சரி. அதன்பின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள். ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துவிட்டால் செலவின் கணக்கே மாறிவிடும்.

கிளட்ச்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். மாறினால் அது என்ஜின் விவகாரமே இல்லாமல் போகலாம். மிதித்ததும் வந்தால் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங், மிதித்ததும் போனால் கியர்பாக்ஸ் பக்கம். விசில் சத்தத்தோடு கரும்புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்தால் டர்போ ஹோஸ் கசிவைத் தேடலாம். பிக்கப் சரியாக இருக்கிறது என்பதால் உங்களுக்கு அது பொருந்தாது.

எல்லாச் சோதனையும் பேரிங்கையே காட்டினாலும், முதலில் ஆயில் சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) மட்டும் இறக்கி, சந்தேகப்பட்ட ராடின் கேப்பைத் திறந்து ஷெல்லை (பேரிங்கின் அரைவட்டத் தகட்டை) காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஷெல்லில் செம்பு தெரிந்தாலோ, கிராங்க் ஜர்னலில் (பேரிங் உட்காரும் இடத்தில்) நகம் சிக்குமளவு கோடு இருந்தாலோ என்ஜினை இறக்கச் சம்மதிக்கலாம். கிராங்க்கை அரைக்க வேண்டும் என்றால், அரைத்து மெலிந்த கிராங்க்குக்குப் பொருந்தும் அண்டர்சைஸ் பேரிங் கடையில் கிடைக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே லேத்துக்கு அனுப்புங்கள்.